அறுபது பேருக்கு ஷீட் கேக்: மேலே எதைப் பூசுவது?

பிறந்தநாளுக்கோ, அலுவலகப் பிரிவுபசாரத்துக்கோ, குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கோ ஐம்பது அறுபது பேருக்குக் கேக் செய்வது என்று முடிவானதும், பெரும்பாலோர் முதலில் தேடுவது கேக்கின் செய்முறையைத்தான். வெனிலாவா சாக்லேட்டா, முட்டை போடலாமா கூடாதா என்பதெல்லாம் தீர்ந்து, மாவு கலக்கி, டிரேயை ஓடிஜி என்னும் மின்சார ஓவனுக்குள் வைத்த பிறகுதான் மேலே என்ன பூசுவது என்ற யோசனை வருகிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. கூட்டத்துக்குச் செய்யும் கேக்கில் அடிப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே வந்துவிடும். உருகி வழிவதும், பெட்டி மூடியில் ஒட்டிக்கொள்வதும், திகட்டுகிறது என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்படுவதும் ஐசிங்தான். அதை முதலில் தீர்மானித்துவிட்டால், அதற்கு ஒத்துப்போகும் கேக் எது என்பது தானாகவே விளங்கிவிடும்.

வீட்டில் செய்யக்கூடிய நான்கு வகை ஐசிங்குகளை இங்கே ஒப்பிடுகிறேன்: பட்டர் கிரீம், விப்பிங் கிரீம், சாக்லேட் கனாஷ், காய்ச்சிய கோகோ ஐசிங். கிரீம் சீஸ் ஐசிங்கைச் சேர்க்கவில்லை. அறுபது பேருக்கான கிரீம் சீஸின் விலையே மற்ற பொருள்கள் அனைத்தையும் தாண்டிவிடும். போதாததற்கு, நம் வெயிலில் நால்வகையை விடவும் விரைவாகத் தளர்வதும் அதுவே. சமவெளித் தமிழ்நாட்டில், ஓர் ஓடிஜியும் ஒரு ஃப்ரிட்ஜும் உள்ள வீட்டை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். மலை ஊர்களில் இருப்பவர்களுக்குக் கணக்கு மாறும், அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## டிரேயும் துண்டுகளும்

அடுக்கு எதுவும் இல்லாமல் ஒரே தளமாகச் சுட்டு, மேற்பரப்பில் மட்டும் ஐசிங் பூசி, டிரேயிலேயே வைத்துச் சதுரங்களாக வெட்டுவதே ஷீட் கேக். இந்த வகை வேரூன்றிய அமெரிக்காவில் இரண்டு அளவுகள் வழக்கத்தில் உள்ளன: 9க்கு 13 அங்குலத்தில் இரண்டு அங்குல ஆழமுள்ள டிரே ஒன்று, 13க்கு 18 அங்குலத்தில் ஓர் அங்குல ஆழமுள்ள ‘ஹாஃப் ஷீட்’ மற்றொன்று. முதலாவதன் பரப்பு 117 சதுர அங்குலம், இரண்டாவதன் பரப்பு 234, அதாவது சரியாக இரு மடங்கு. நம் வீட்டு ஓடிஜிகளில் 18 அங்குல டிரே நுழையாது என்றே வைத்துக்கொள்ளலாம். 9க்கு 13 டிரேயைக்கூட, உள்ளளவை டேப் வைத்து அளந்து, சுற்றிலும் ஓர் அங்குலமாவது இடைவெளி கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்; கம்பிகளை ஒட்டியிருக்கும் டிரேயில் ஓரம் கருகி நடு வேகாமல் நிற்கும்.

ஆகவே அறுபது பேருக்கு இரண்டு 9க்கு 13 டிரே என்று கொள்வோம். அகலத்தை ஐந்தாகவும் நீளத்தை ஆறாகவும் பிரித்தால் ஒரு டிரேயில் 30 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டருக்கு ஐந்தரை சென்டிமீட்டர். சமோசா, வடை, காபியோடு பரிமாறும்போது இது போதுமான அளவு. கேக் மட்டுமே பலகாரம் என்றால் டிரேக்கு 24 துண்டுகளாக வெட்டி, மூன்று டிரே செய்வது நல்லது. கீழே தரும் ஐசிங் அளவுகள் எல்லாம் இரண்டு டிரேக்கானவை.

## எதை வைத்து ஒப்பிடுவது

எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி, வெட்டுவதற்கு முன்னுள்ள கடைசி இரண்டு மணி நேரம் கேக் எங்கே இருக்கப்போகிறது என்பதே. வெண்ணெய் 28 டிகிரியை ஒட்டித் தளரத் தொடங்கி, 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். சாக்லேட்டிலுள்ள கோகோ வெண்ணெயும் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகுவதே. கத்திரி வெயில் நாளில் மின்விசிறி மட்டும் ஓடும் மண்டபத்தில் காற்றே இந்த அளவைத் தாண்டியிருக்கும். சிறப்பு விருந்தினர் பேசி முடிக்கும்வரை மேசைமேல் காத்திருக்கும் கேக்குக்கு வேறு பாதுகாப்பும் கிடையாது.

அடுத்தது ஃப்ரிட்ஜ். 9க்கு 13 டிரே ஒன்று ஒரு தட்டு முழுவதையும் அடைத்துக்கொள்ளும், இரண்டு டிரே இரண்டு தட்டுகளை அடைக்கும். விசேஷ வீட்டில் அந்த இடத்துக்குப் பாலும், மாவுப் பாத்திரமும், பூவும் போட்டியிடும் என்பதை யாரும் முன்கூட்டிக் கணக்கிடுவதில்லை. மூன்றாவது, கிரீமை நுரைக்க அடிக்கும் பீட்டர் போன்ற கருவியும் அதைப் பிடித்து நிற்கும் கையும். நான்காவது, சாப்பிடுபவர்களின் வயதும் வாய்ருசியும். ஐந்தாவதாகத்தான் செலவைச் சொல்வேன். பொருள்களின் விலை ஊருக்கு ஊர் மாறுவதால் ரூபாய்க் கணக்கைத் தவிர்த்து எடைக் கணக்கையே தருகிறேன். உங்கள் ஊர் விலையை அதில் பொருத்திக்கொள்ளலாம்.

## பட்டர் கிரீம்

ஒரு பங்கு வெண்ணெய்க்கு இரண்டு பங்கு ஐசிங் சுகர், கொஞ்சம் பால், வெனிலா. இரண்டு டிரேக்கு 450 கிராம் வெண்ணெயும் 900 கிராம் ஐசிங் சுகரும் ஆகும். நிறம் சேர்க்கலாம், பூ வைக்கலாம், பெயர் எழுதலாம், முந்தின நாளே பூசியும் வைக்கலாம். சர்க்கரை மிகுந்திருப்பதால் குளிர்ந்த ஊரில் ஒரு நாள் வெளியிலேயே இருக்கும். அலங்காரம் முக்கியம் என்றால் இதற்கு ஈடு வேறில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது இனிப்பு. 900 கிராமை அறுபதால் வகுத்தால் ஒரு துண்டின் ஐசிங்கில் மட்டும் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டிக்கும் மேல். பிள்ளைகள் அதை மட்டும் வழித்துச் சாப்பிடுவார்கள், பெரியவர்கள் அதை மட்டும் விட்டுவிடுவார்கள். இரண்டாவது, பொருளின் தரம். வீட்டில் மோர் கடைந்தெடுத்த வெண்ணெயில் நீரும் லேசான புளிப்பும் இருப்பதால் அது திரிந்து தண்ணீர் விடும். கடையில் வாங்கும் உப்பில்லாத வெண்ணெய்தான் வேண்டும். மிக்ஸியில் அரைத்த சர்க்கரை எவ்வளவு சலித்தாலும் நாக்கில் நறநறக்கும், ஆகவே ஒரு கிலோ ஐசிங் சுகரையும் விலைக்கே வாங்க வேண்டியிருக்கும். மூன்றாவது வெயில். பழைய பேக்கரிகளின் கண்ணாடி அலமாரியில் நாள் முழுக்க அசையாமல் நின்ற ஐசிங் பூக்களைப் பார்த்து வெண்ணெயும் அப்படி நிற்கும் என்று நம்புபவர்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலும் இருந்தது மார்ஜரினோ வனஸ்பதியோதான். வீட்டிலும் வெண்ணெயில் பாதியை எடுத்துவிட்டு அத்தகைய கொழுப்பைச் சேர்த்தால் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். 2022 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி இருப்பதால் முன்போல் அஞ்ச வேண்டியதில்லை என்றாலும், சுவைக்காக நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற ஊர்களிலும், முழுநேரமும் ஏசி ஓடும் அரங்குகளிலும், சமவெளியிலேயே மார்கழி மாலைகளிலும் பட்டர் கிரீம் தாராளமாகப் பொருந்தும். சித்திரையில் திருச்சியில் வேண்டாம்.

## விப்பிங் கிரீம்

இன்று நம் ஊர்ப் பேக்கரிகளில் ‘ஃப்ரெஷ் கிரீம் கேக்’ என்று விற்பதில் பெரும்பகுதி பாலாடையால் ஆனதன்று. தாவரக் கொழுப்பு, சர்க்கரை, நிலைநிறுத்திகள் ஆகியவை சேர்ந்த, உறைநிலையில் ஒரு லிட்டர் பெட்டிகளாக வரும் விப்பிங் கிரீம் அது. அடித்தால் மூன்று நான்கு மடங்காகப் பொங்கும் என்பதால் இரண்டு டிரேக்கு 600 மில்லிலிட்டர் போதும். ஏற்கெனவே இனிப்பு சேர்ந்திருப்பதால் வேறெதுவும் போட வேண்டியதில்லை. வாயில் லேசாக இருக்கும், திகட்டாது. நம்மூர்க் கூட்டத்துக்குப் பழகிய சுவையும் இதுவே. பணச்செலவிலும் இது குறைவானது.

நிஜப் பால் கிரீமை இதற்கு மாற்றாக நினைப்பவர்கள் பாக்கெட்டின் மேலுள்ள கொழுப்புச் சதவீதத்தைப் பார்க்க வேண்டும். மளிகைக் கடையில் எளிதாகக் கிடைக்கும் 25 சதவீத ஃப்ரெஷ் கிரீமை எவ்வளவு அடித்தாலும் நிலையாக நிற்காது. 30 சதவீதத்துக்கு மேல் வேண்டும், 35 என்றால் இன்னும் நல்லது. அப்படிக் கிடைத்தாலும் அது பால்பொருள். இரண்டு மணி நேரத்துக்கு மேல், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல், வெளியில் வைத்துச் சாப்பிடக்கூடாது என்ற பொது உணவுப் பாதுகாப்பு விதி அதற்குப் பொருந்தும். அறுபது பேர் கூடும் இடத்தில் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது யார்?

தாவர விப்பிங் கிரீமில் பணம் குறைவு, ஆனால் குளிர்ச்சிக்குக் கொடுக்கும் விலை அதிகம். பேக்கரிப் பொருள் கடையிலிருந்து உறைந்த நிலையிலேயே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த் தட்டுக்கு மாற்ற வேண்டும். பனித்துகள் இன்னும் சிறிது மிதக்கும் நிலையில், குளிரவைத்த பாத்திரத்தில், மெதுவான வேகத்தில் தொடங்கி அடிக்க வேண்டும். பீட்டரைத் தூக்கினால் நுனி வளையாமல் நிற்கும் கணத்தில் நிறுத்திவிட வேண்டும், அதைத் தாண்டினால் மழமழப்புப் போய்ச் சொரசொரப்பாகிவிடும். முழுவதும் உருகிய பெட்டியைத் திரும்ப உறையவைத்துப் பயன்படுத்தினால் அது பொங்குவதில்லை. பூசிய பிறகும் வெட்டும்வரை ஃப்ரிட்ஜ்தான் அதன் இடம். அந்த இரண்டு தட்டுகளைக் காலிசெய்ய வீட்டார் ஒத்துக்கொள்ள வேண்டும், மின்சார வாரியமும் ஒத்துழைக்க வேண்டும். இவை அமைந்தால் நல்ல தரமான கிரீம், மின்விசிறியடியில் ஒரு மணி நேரமும் ஏசியில் அதற்கும் கூடுதலாகவும் உருக்குலையாமல் நிற்கும்.

ஏற்றிச் செல்வதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஐசிங் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்பதாலும், எதன்மேல் பட்டாலும் ஒட்டிக்கொள்வதாலும், கேக் டிரேயின் விளிம்புக்கு வெகு கீழே இருக்க வேண்டும். மாவை டிரேயின் பாதிக்கு மேல் ஊற்றாதிருந்தால், வெந்து உயர்ந்த பிறகும் மூடிக்கு இடம் மிஞ்சும். விழா நடப்பது உங்கள் வீட்டிலேயே, அழைத்தவர்களில் பாதிக்குமேல் பிள்ளைகள், கேக் வெட்டியதும் உடனே கொடுத்துவிடப் போகிறோம் என்றால் விப்பிங் கிரீமைத் தேர்ந்தெடுக்கலாம். ஆட்டோவில் ஏற்றிப் போக்குவரத்து நெரிசலில் போவதென்றால் தவிர்த்துவிடலாம்.

## சாக்லேட் கனாஷ்

சூடான கிரீமில் சாக்லேட்டைக் கரைப்பது மட்டுமே இதன் வேலை. பீட்டர் தேவையில்லை. விப்பிங் கிரீமுக்கு உதவாத 25 சதவீத ஃப்ரெஷ் கிரீம் இதற்கு நன்றாகவே உதவும். புத்தகங்களில் சாக்லேட்டும் கிரீமும் சம எடை என்றிருக்கும். அது குளிர்நாட்டு அளவு, நம் வெப்பத்தில் இறுகாமல் குழம்பாகவே நிற்கும். டார்க் சாக்லேட் என்றால் இரண்டுக்கு ஒன்று என்ற எடையில், 600 கிராம் சாக்லேட்டுக்கு 300 கிராம் கிரீம் எடுத்துக்கொள்ள வேண்டும். சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, கிரீமின் ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்கி அதன்மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக மெல்லக் கிளறினால் பளபளப்பாகக் கூடிவரும். எண்ணெய் பிரிந்து திரிதிரியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஒரு கரண்டி வெதுவெதுப்பான பாலை விட்டுக் கிளறினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

செலவு முழுவதும் சாக்லேட்டில்தான். இங்கே ஒரு கிளைத்தேர்வு வருகிறது. கோகோ வெண்ணெய் உள்ள நிஜ சாக்லேட் வாங்குவதா, அதற்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்டு வாங்குவதா? காம்பவுண்டு மலிவு, வெயிலைக் கூடுதலாகத் தாங்கும், அதில் செய்த கனாஷ் உறுதியாகவும் இறுகும். சுவையில் வித்தியாசம் தெரியும். நாக்கில் கரையாமல் சற்று நின்று போகும். நாற்பது பேருக்கு மேல் என்றால் சரிபாதியாகக் கலந்துகொள்வதே எனக்குச் சரியான சமரசமாகப் படுகிறது. மில்க் சாக்லேட் இன்னும் இளக்கமானது, ஆகவே அதில் செய்தால் கிரீமை மேலும் குறைக்க வேண்டும்.

கனாஷ் இறுக நேரம் வேண்டும். முந்தின இரவு ஊற்றிவிட்டால் காலைக்குள் அறை வெப்பத்திலேயே பதமாகிவிடும், கோடை இரவில் மட்டும் அரைமணி ஃப்ரிட்ஜில் வைத்தெடுக்கலாம். நெடுநேரம் உள்ளே வைத்துவிட்டுச் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊரின் ஈரக்காற்றில் வெளியே எடுத்தால் முத்துமுத்தாக வியர்த்துப் பளபளப்பு போய்விடும். அப்படிச் செய்ய நேர்ந்தால், மூடியைத் திறக்காமலேயே வெளியில் வைத்து, டிரே அறைவெப்பத்துக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். ஈரம் மூடியின்மேல் படியும், கேக்கின்மேல் படியாது.

இனிப்புக் குறைவாக வேண்டும் என்று கேட்கும் வயதினருக்கும், அலுவலகக் கூட்டங்களுக்கும், காரில் தொலைவு போக வேண்டிய நிலைக்கும் கனாஷே ஏற்றது. சிறு பிள்ளைகள் நிறைந்த கூட்டத்தில் அவ்வளவு விலையுள்ள கசப்புச் சாக்லேட்டைப் பாதி தின்று கீழே போடும்போது செய்தவருக்கு மனசு கேட்காது.

## காய்ச்சிய கோகோ ஐசிங்

நான்கில் நம்மூரில் குறைவாக அறியப்பட்டது இதுதான். கூட்டத்துக்கென்றே பிறந்தது என்று சொல்லத்தக்கதும் இதுதான். அமெரிக்காவில் டெக்ஸஸ் ஷீட் கேக் என்று வழங்கும் மெல்லிய சாக்லேட் கேக்கின்மேல் ஊற்றுவது. வெண்ணெய் 115 கிராம், கோகோ 25 கிராம், பால் 90 மில்லிலிட்டர் மூன்றையும் ஒரு கொதி வரும்வரை காய்ச்சி இறக்கி, சலித்த ஐசிங் சுகர் 450 கிராமும் வெனிலாவும் சேர்த்துக் கட்டியில்லாமல் கிளறி, அடுப்பிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் ஆன, இன்னும் சூடு ஆறாத கேக்கின்மேல் அப்படியே ஊற்ற வேண்டும். ஒரு ஹாஃப் ஷீட்டுக்கான வழக்கமான அளவு இது, ஆகவே நம் இரண்டு டிரேக்கும் சரியாகப் போதும்.

அளவுகளைப் பட்டர் கிரீமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெண்ணெய் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது, சர்க்கரை பாதியாகிவிட்டது. ஐசிங் மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரமே நிற்பதாலும், சூட்டில் அதன் அடிப்பகுதி கேக்குக்குள் சற்று இறங்கிப் பிடித்துக்கொள்வதாலும், வழிந்து போக அதில் எதுவும் இல்லை. வெயிலில் மேற்புறம் மென்மையாகும், ஆனால் இடம்விட்டு நகராது. பீட்டர் வேண்டாம், ஃப்ரிட்ஜ் வேண்டாம், ஆறவைத்துக் காத்திருக்க வேண்டாம். முந்தின நாள் மாலை செய்து மூடி வைத்தால் மறுநாள் கேக் இன்னும் ஈரப்பதமாக இருக்கும்.

பிறகு ஏன் எல்லோரும் இதையே செய்வதில்லை என்றால், ஊற்றும் அந்த இரண்டு நிமிடங்களுக்காகத்தான். பாத்திரத்தை டிரேயின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை நகர்த்திக்கொண்டே, ஒரே இடத்தில் குவியாமல் ஊற்ற வேண்டும். டிரேயைக் கையிலெடுத்து நான்கு பக்கமும் சாய்த்தால் பெரும்பகுதி தானாகவே ஓடிப் பரவும். எட்டாத மூலைக்கு மட்டும் கரண்டியின் பின்புறத்தால் ஒருமுறை தள்ளிவிடலாம். அதற்குள் காய்ச்சிய பாலின் ஏடு போல மேலே ஒரு தோல் கட்டத் தொடங்கியிருக்கும். அழகாக்கலாம் என்று இரண்டாம் முறை தொட்டால் அந்தத் தோல் கிழிந்து சுருங்கும், பிறகு எதுவும் செய்ய முடியாது. முந்திரியோ வண்ணத் தூளோ தூவுவதென்றால் அளந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, பரவிய உடனே தூவ வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் ஒட்டாமல் உதிரும். இரண்டு டிரேக்கும் சேர்த்து ஒரே தடவையில் காய்ச்சினால் இரண்டாவது டிரே வேகும்வரை ஐசிங் காத்திருக்காது என்பதால், பாதிப் பாதியாக இருமுறை காய்ச்சுவதே சரி.

தோற்றத்தில் இது எளிமையானது. வழவழப்பான பழுப்புப் பரப்பு, அவ்வளவுதான். ரோஜாப்பூ இல்லை, வண்ணம் இல்லை. இறுகிய பிறகு வெள்ளைக் காம்பவுண்டை உருக்கிக் கூம்புத்தாளில் விட்டுப் பெயர் எழுதலாம், அதற்குமேல் அலங்கரிக்க முயல வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | பட்டர் கிரீம் | விப்பிங் கிரீம் | கனாஷ் | காய்ச்சிய கோகோ ஐசிங் |
|---|---|---|---|---|
| இரண்டு டிரேக்கு வேண்டியவை | வெண்ணெய் 450 கி, ஐசிங் சுகர் 900 கி | கிரீம் 600 மி.லி. | சாக்லேட் 600 கி, ஃப்ரெஷ் கிரீம் 300 கி | வெண்ணெய் 115 கி, ஐசிங் சுகர் 450 கி, கோகோ 25 கி, பால் 90 மி.லி. |
| ஏசி இல்லாத கோடை மேசை | தாங்காது | ஒரு மணி நேரம்வரை | இளகும், காம்பவுண்டு சேர்த்தால் நிற்கும் | தாங்கும் |
| ஃப்ரிட்ஜ் இடம் | கோடையில் வேண்டும் | கட்டாயம் | பெரும்பாலும் வேண்டாம் | வேண்டாம் |
| பீட்டர் | வேண்டும் | வேண்டும் | வேண்டாம் | வேண்டாம் |
| இனிப்பு | மிக அதிகம் | மிதம் | குறைவு | நடுத்தரம் |
| பெயரும் அலங்காரமும் | எல்லாம் முடியும் | நன்றாக வரும் | ஓரளவு | பெயர் மட்டும் |
| கவனிக்காமல் விடும் செலவு | திகட்டி ஒதுக்கப்படுவது | குளிர்ச்சியைக் காப்பது | சாக்லேட்டின் விலை | ஊற்றும் நேரத்தின் அவசரம் |

## அடியில் எந்தக் கேக்

ஐசிங் முடிவானால் கேக்கும் ஏறக்குறைய முடிவாகிவிடும். வெண்ணெய் சேர்த்த கேக் ஃப்ரிட்ஜில் இறுகி, எடுத்த உடனே சாப்பிட்டால் காய்ந்தது போலத் தோன்றும். எண்ணெய் சேர்த்தது குளிரிலும் மென்மையாகவே இருக்கும். ஆகவே விப்பிங் கிரீமுக்கு எண்ணெய்க் கேக் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பட்டர் கிரீமுக்கு வெண்ணெய்க் கேக் ஒத்துப்போகும், இரண்டும் அறைவெப்பத்தில் பரிமாறப்படுபவை. கனாஷும் கோகோ ஐசிங்கும் எதன்மேலும் அமரும் என்றாலும், செலவைக் கருதி எண்ணெய்க் கேக்கே போதும்.

முட்டையைப் பொறுத்தவரை, கலப்பான கூட்டத்துக்கு ஒரு டிரே முட்டையோடும் ஒரு டிரே முட்டையில்லாமலும் செய்வது நல்ல ஏற்பாடாகத் தெரியும். பரிமாறும் பரபரப்பில் எது எந்த டிரே என்று கேட்கப்படும் என்பதும், தெரியாமல் மாறிப்போனால் மனத்தாங்கல் வரும் என்பதும் உறுதி. எல்லோருக்கும் முட்டையில்லாமலே செய்துவிடுவது எளிது. அதிலும், முட்டைக்கும் வெண்ணெய்க்கும் தட்டுப்பாடு இருந்த காலத்தில் அமெரிக்க வீடுகளில் பரவிய வினிகர் சாக்லேட் கேக் இருக்கும்போது, முட்டை இல்லாததைக் குறையாக யாரும் சொல்லப்போவதில்லை. ஒரு 9க்கு 13 டிரேக்கு மைதா 375 கிராம், சர்க்கரை 400 கிராம், கோகோ 40 கிராம், சமையல் சோடா இரண்டு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைச் சலித்துக் கலந்து, வாசனையில்லாத ரீஃபைண்டு எண்ணெய் 160 மில்லிலிட்டர், வினிகர் இரண்டு மேசைக்கரண்டி, வெனிலா இரண்டு தேக்கரண்டி, தண்ணீர் 480 மில்லிலிட்டர் ஊற்றி, மாவுக்கட்டிகள் மறையும்வரை மட்டும் கலக்கி, 175 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம் சுட வேண்டும். நல்லெண்ணெயும் மரச்செக்குக் கடலை எண்ணெயும் இதற்கு வேண்டாம், அவற்றின் மணம் வெனிலாவை அமுக்கிவிடும்.

இந்தக் கேக் எழும்புவது சோடாவும் வினிகரும் சேர்ந்த உடனே கிளம்பும் வாயுவால். ஆகவே கலக்கிய மாவை வைத்திருக்க முடியாது. ஒரே ஓடிஜியில் இரண்டு டிரே சுடுபவர்கள், இரண்டாவதற்கான உலர்பொருள்களையும் நீர்ப்பொருள்களையும் தனித்தனியே அளந்து வைத்துக்கொண்டு, முதல் டிரே வெளியே வந்த பிறகு கலந்துகொள்ள வேண்டும். பெரிய டிரேயின் நடுப்பகுதி குன்றாக எழும்பினால் ஐசிங் ஓரத்துக்கு ஓடிவிடும். மேல் கம்பி வேகமாகச் சுடும் ஓடிஜி என்றால் வெப்பத்தை 165 டிகிரிக்குக் குறைத்து, ஐந்து பத்து நிமிடம் கூடுதலாக வைத்தால் சமமாக வரும்.

## யார் எதைத் தேர்ந்தெடுக்கலாம்

கோடையில், ஏசி இல்லாத இடத்தில், உதவிக்கு ஆளில்லாமல் செய்பவர் கோகோ ஐசிங்கைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. கையில் பணம் இருந்து, சாப்பிடப்போகிறவர்கள் பெரியவர்களாக இருந்து, முந்தின இரவே வேலையை முடித்துவிட விரும்பினால் கனாஷ். வீட்டிலேயே விழா, பிள்ளைகள் அதிகம், ஃப்ரிட்ஜ் காலி என்ற மூன்றும் சேர்ந்தால் விப்பிங் கிரீம். பட்டர் கிரீமை மலை ஊர்க்காரர்களுக்கும், அலங்காரத்தை விட்டுக்கொடுக்க முடியாதவர்களுக்கும் விட்டுவிடுவேன்.

பிறந்தநாள் என்றால் ஒரு நெருக்கடி மிஞ்சும். மெழுகுவத்தி ஏற்றிப் படம் எடுக்கும்போது பூவும் வண்ணமும் உள்ள கேக் வேண்டும், அதே வேளையில் அறுபது பேருக்கும் வெயில் தாங்குவது வேண்டும். ஒரே கேக்கில் இரண்டையும் தேடுவதுதான் சிக்கல். வெட்டுவதற்கு மட்டும் ஆறு அங்குல வட்டக் கேக் ஒன்றை விப்பிங் கிரீம் பூசி அலங்கரித்து, கடைசி நிமிடம்வரை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம், அந்த அளவுக்கு எந்த ஃப்ரிட்ஜிலும் இடம் உண்டு. பரிமாறுவதற்கான இரண்டு டிரே கோகோ ஐசிங் கேக்கையும் முன்கூட்டியே, ஸ்கேல் வைத்துக் கோடிட்டு, வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டிச் சமையலறையில் தயாராக வைத்திருந்தால், பாட்டுப் பாடி முடிவதற்குள் தட்டுகள் வெளியே போகத் தொடங்கிவிடும். ஆறு அங்குலக் கேக் குடும்பத்தாருக்கு.